கழற்றிப் பார்த்த ஸ்பேனரை மட்டும் கட்டுங்கள்

நீண்ட தூரம் பைக்கில் போகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தோம். எந்த வண்டி வாங்கலாம், எந்த ஜாக்கெட் நல்லது என்றெல்லாம் வரும் என்று நினைத்தேன். வந்ததில் முக்கால்வாசி ஒரே கவலைதான்: நடுவழியில் வண்டி படுத்துவிட்டால் என்ன செய்வது? அதனால் இந்த முறை முழுக்க அதுவே.

கேள்வி: அண்ணா, முதல் முறையாக 3,000 கிலோமீட்டர் கிளம்புகிறேன். என்னென்ன டூல்ஸ் வாங்க வேண்டும்? ஒரு லிஸ்ட் கொடுத்தால் அப்படியே வாங்கிவிடுவேன்.

பதில்: லிஸ்ட் தரமாட்டேன் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்தவர் லிஸ்ட்டைப் பார்த்து வாங்கியவர்களின் பையில் இருபது முப்பது சாமான் இருக்கும், தேவைப்படுகிற ஒன்று மட்டும் இருக்காது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பளபளவென்று ஒரு பெட்டி, உள்ளே வரிசையாக சாக்கெட்டுகள், ஆனால் பின் சக்கரத்தின் ஆக்சில் நட்டுக்கு (சக்கரத்தின் அச்சை இறுக்குகிற பெரிய நட்டு) ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அந்த மாதிரிப் பெட்டிகள் சின்ன அளவுகளோடு நின்றுவிடும், ஆக்சில் நட்டோ பல வண்டிகளில் 24, 27 மில்லிமீட்டர் என்று இருக்கும்.

இப்படிச் செய்யுங்கள். ஒரு விடுமுறை நாள் காலையில் வண்டியை நிறுத்தி, சீட்டுக்கு அடியில் கம்பெனி வைத்துக் கொடுத்த டூல் கிட்டை மட்டும் தரையில் விரித்துக்கொண்டு ஐந்து வேலை செய்து பாருங்கள். பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது, செயினை டைட் செய்வது, கிளட்ச் கேபிளை மாற்றுவது, பேட்டரியை வெளியே எடுப்பது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவது. எந்த வேலையில் கை அப்படியே நின்றுபோகிறதோ, அந்த வேலைக்கான டூலை மட்டும் வாங்குங்கள். ஐந்து வேலையிலும் கையே படாதது எதுவோ அது வீட்டிலேயே இருக்கட்டும். ஆக்சில் நட்டு அசையவில்லை என்றால் பலம் போதவில்லை என்று அர்த்தமில்லை, ஸ்பேனரின் நீளம் போதவில்லை. அதன் பிடியில் மாட்டுகிற மாதிரி ஒரு அடி நீளத்துக்கு இரும்புக் குழாய் கிடைத்தால் போதும், கழற்றும்போது நட்டு "டக்" என்று விடும். டைட் செய்யும்போது மட்டும் அந்தக் குழாயில் முழு எடையையும் போட்டுவிடாதீர்கள்.

சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டி என்றால் முதல் வேலையிலேயே மாட்டிக்கொள்வீர்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்து, முன் பிரேக் லிவரை ஒரு வாரால் இறுகக் கட்டி, மறுபக்கம் ஃபிரேமுக்கு முட்டாக ஒரு உறுதியான கட்டை கொடுத்துத் தூக்கினால் பின் சக்கரம் தரையை விட்டு எழும். இதைச் சமதரையில், பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்துக்கொண்டு பழகுங்கள்.

இந்த ஒத்திகையில் கிடைக்கிற இன்னொரு லாபம், எந்த இடத்தில் எது கீழே விழும் என்று தெரிந்துகொள்வது. பேட்டரி டெர்மினலின் ஸ்குரூவைக் கழற்றியதும் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குட்டிச் சதுர நட்டு நழுவிப் பேட்டரிக்கு அடியில் போய்விடும். வீட்டில் என்றால் டார்ச் அடித்துத் தேடலாம். மழையில், இருட்டில், சாலை ஓரத்தில் அது போனால் போனதுதான். இரண்டு மில்லிமீட்டர் ஸ்பாஞ்சு துண்டை நட்டுக்கு அடியில் சொருகிவிட்டால் அது அசையாது. இதை எந்த லிஸ்ட்டும் சொல்லாது.

கேள்வி: கிளம்புகிறதுக்கு முந்தின நாள் சர்வீஸ் விட்டால் வண்டி புதுசு மாதிரி இருக்குமே, சரிதானே?

பதில்: தப்பு. நான் செய்த தப்பே இதுதான். முந்தின நாள் சாயங்காலம் ஆயில் மாற்றி வாங்கி, விடிகாலையில் கிளம்பி, 70 கிலோமீட்டர் தாண்டியதும் தீய்ந்த ஆயில் வாடை. நிறுத்திக் குனிந்து பார்த்தால் வலது கால் ஷூவெல்லாம் ஆயில். ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட்டைக் கையால் திருகியவர் ஸ்பேனரால் இறுக்க மறந்துவிட்டிருக்கிறார். நல்ல மெக்கானிக்தான், அவசரப்படுத்தியது நான். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் ஆயில் இல்லாமல் இன்ஜின் இறுகி நின்றிருக்கும்.

இரண்டு வாரம் முன்பே சர்வீஸ் விடுங்கள். அதன் பிறகு ஏற்றப்போகிற சுமையோடேயே ஒரு 200 கிலோமீட்டர் ஓட்டுங்கள். சர்வீஸில் விட்ட பிழை, லூசான போல்ட், பேக் கட்டிய விதத்தில் இருக்கிற கோளாறு எல்லாம் அதற்குள் வெளியே வந்துவிடும். முக்கியமான போல்ட்டுகளை இறுக்கிய பிறகு போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிடுவது என் பழக்கம். தினமும் காலையில் ஒரு பார்வை பார்த்தால் போதும், கோடு முறிந்திருந்தால் போல்ட் சுழன்றிருக்கிறது.

தேய்ந்துகொண்டிருக்கும் பாகங்களை "இன்னும் கொஞ்ச நாள் வரும்" என்று விடாதீர்கள். செயின், ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடுகிற பல் சக்கரம்), பிரேக் பேட், கேபிள், டயர் எதுவானாலும் பயணத்தின் பாதியில் முடியும்போல இருந்தால் இப்போதே மாற்றுங்கள். கழற்றிய பழைய கிளட்ச் கேபிள் நன்றாக இருந்தால் தூக்கிப் போடாமல் பையில் வையுங்கள், உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்று நிரூபணமான ஸ்பேர் அது. டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் இருக்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்க எண் இருக்கும், 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. தேயாமலே பழசாகி வெடிப்பு விட்ட ரப்பர் சூட்டில், சுமையில் நம்மைக் கைவிடும்.

கேள்வி: டியூப்லெஸ் டயர் இருக்கும்போது பஞ்சருக்கு ஏன் பயப்பட வேண்டும்? என் நண்பன் டியூப் டயர்காரன், அவனுக்கு என்ன சொல்வது?

பதில்: உங்களுக்கு முதலில். ஆணி தெரிந்த உடனே பிடுங்க வேண்டாம். அது ஒரு அடைப்பானாக இருந்து காற்றை மெதுவாகத்தான் விடுகிறது, காற்று பாதிக்கு மேல் நிற்கிறது என்றால் நிதானமாக நல்ல இடம் பார்த்து நிறுத்தலாம். பிளக் (ஓட்டையை அடைக்கிற ரப்பர் திரி), ரீமர் (ஓட்டையைத் தேய்க்கிற அரம் மாதிரியான கம்பி), பசை எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் எடுத்து வைத்து, ஆணியின் இடத்தைச் சுற்றிச் சாக்பீஸில் வட்டம் போட்டு, அது எந்தச் சாய்வில் இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு பிடுங்குங்கள். ரீமரை அதே சாய்வில் விட்டு நன்றாக ஏற்றி இறக்குங்கள், டயருக்குள் இருக்கும் கம்பி நூல்கள் பிளக்கை அறுக்காமல் இருக்க அவற்றின் கூர்மையான முனைகள் மழுங்க வேண்டும். முதல் முறை செய்கிறவர்கள் இங்கேதான் பயந்து நிறுத்திவிடுவார்கள், டயரை இன்னும் பெரிதாகக் கிழிக்கிறோமோ என்று. கிழியாது, அழுத்துங்கள். பிளக்கைப் பசையில் நனைத்து ஊசியில் கோத்து, வால் ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கும் வரை இறக்கி, ஊசியை மட்டும் ஒரே இழுப்பாக வெளியே எடுங்கள். காற்று அடித்து, எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழி வரவில்லை என்றால் கிளம்பலாம், வேகம் குறைவாக. நல்ல கடை வந்ததும் டயரைக் கழற்றி உள்பக்கமிருந்து ஒட்டிவிடுவது நல்லது.

டயரின் பக்கச் சுவரில் ஓட்டை என்றால் பிளக் போடக் கூடாது. அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது, பிளக் நிற்காது.

காற்று அடிக்க 12 வோல்ட் கம்ப்ரஸர்தான் என் விருப்பம். கார்பன் டை ஆக்சைடு குப்பிகள் சின்னதாக, அழகாக இருக்கும், ஆனால் 16 கிராம் குப்பி ஒன்றால் பின் டயர் பாதிகூட நிரம்பாது, மூன்று நான்கு வேண்டும், ஒரு பிளக் சரியாக உட்காராமல் போனால் அத்தனையும் வீண். காற்று வெளியேறும்போது குப்பி பனி பிடிக்கிற அளவுக்குக் குளிரும், வெறுங்கையால் பிடித்தால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

இனி உங்கள் நண்பருக்கு. அவர் டயர் லிவர் இரண்டு மூன்று, ஒரு ஸ்பேர் டியூப், ஒட்டுத் துண்டுகள் வைத்திருக்க வேண்டும். முன், பின் சக்கரங்கள் வேறு வேறு அளவு என்றால் முன் சக்கர டியூப் ஒன்றே போதும், அவசரத்துக்கு அதைப் பின் டயரிலும் திணித்து மெதுவாக ஓட்டிக் கடை சேரலாம். புது டியூப் போடும் முன் டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் சுற்றித் துடைக்கச் சொல்லுங்கள், முள்ளோ ஆணியோ இன்னும் உள்ளே இருந்தால் துணி மாட்டும், விரல் கிழியாது. டயரைத் திரும்ப ரிம்முக்குள் ஏற்றும்போது கடைசி அரை அடி கல்லாக நிற்கும். நிறையப் பேர் அங்கே லிவரை வைத்து மூர்க்கமாக நெம்பி, புது டியூபையே கடித்துவிடுவார்கள். ஏற்றிக்கொண்டிருக்கும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் போய், டயரின் விளிம்பை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் இறக்கினால் இந்தப் பக்கம் தானாகவே தளர்வு கிடைக்கும். இது தெரிந்தவனுக்கு இருபது நிமிட வேலை, தெரியாதவனுக்கு அரை நாள்.

கேள்வி: நான் தனியாக ஓட்டுகிறவள். கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம், ஓட்டியே வரலாம். இன்ஜினை அணைத்து, முதல் கியரைப் போட்டு, உடம்பை முன்னால் சாய்த்துக்கொண்டு செல்ஃப் பட்டனை அழுத்துங்கள். வண்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்து ஸ்டார்ட் ஆகிவிடும். சில வண்டிகளில் கிளட்ச் லிவர் பிடித்திருந்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். கேபிள் இல்லாவிட்டாலும் லிவரைப் பிடியுங்கள், அந்த சுவிட்சுக்குக் கேபிள் இருப்பதும் இல்லாததும் தெரியாது. ஓட ஆரம்பித்த பிறகு, ஆக்சிலேட்டரை ஒரு நொடி விடும்போதே கியர் லிவரை (பெரும்பாலான வண்டிகளில் மேலே) தட்டினால் அடுத்த கியர் விழும். கியர் குறைக்கும்போது லேசாக ஒரு முறுக்கு. நிறுத்த வேண்டும் என்றால் வண்டி நிற்பதற்கு முன்பே நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள், சிக்னலும் கூட்டமும் இருக்கும் பாதையைத் தவிருங்கள். கேபிள் நன்றாக இருக்கும்போதே ஆளில்லாத இடத்தில் நான்கைந்து முறை கிளட்ச் தொடாமல் கியர் மாற்றிப் பழகிவிட்டால் அன்றைக்குப் பதற்றம் இருக்காது.

ஆனால் கேபிள் பெரும்பாலும் திடீரென்று அறுவதில்லை. லிவர் பக்கம் இருக்கும் ரப்பர் உறையை விலக்கி, கேபிளின் முனையில் இருக்கும் உருளை மாதிரியான உலோகக் குண்டைப் பாருங்கள். அதன் கழுத்தில் ஒரே ஒரு இழை தலைமுடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தாலும் மாற்றிவிடுங்கள், மற்ற இழைகள் வரிசையில் நிற்கின்றன. என் வண்டியில் இரண்டாவது கேபிளைப் பழையதோடு சேர்த்தே ஓடவிட்டு, இரண்டு முனையையும் டேப்பால் மூடிக் கட்டி வைத்திருக்கிறேன். அறுந்தால் டேங்க்கைக் கழற்ற வேண்டாம், முனையை மட்டும் மாற்றி மாட்டினால் போதும்.

ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்தால், கார்பரேட்டர் வண்டியில் ஐட்லிங் ஸ்குரூவை (முறுக்காதபோது இன்ஜின் ஓடுகிற வேகத்தை வைக்கிற திருகு) ஏற்றிவிட்டு இரண்டாவது கியரில் ஊர்ந்து போகலாம்.

கேள்வி: ஓய்வுக்கு நிறுத்திய வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: கில் சுவிட்சிலிருந்து, அதாவது இன்ஜினை அணைக்க ஹேண்டில்பாரில் இருக்கும் சுவிட்ச். சிரிக்காதீர்கள், கையுறை பட்டு கில் சுவிட்ச் அணைந்துபோய், ஸ்பார்க் பிளக் வரைக்கும் கழற்றிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன் (ஒரு தடவை கண்ணாடியிலும் பார்த்தேன்). அடுத்து சைடு ஸ்டாண்டு, நியூட்ரல், பெட்ரோல். அதற்கு அப்புறம்தான் பேட்டரி.

செல்ஃப் "டிக் டிக்" என்று மட்டும் சொன்னால் முதலில் டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். பேட்டரி செத்துவிட்டது என்று தீர்மானிக்கப்பட்ட பல வண்டிகளில் லூசான ஸ்குரூதான் காரணம். ஒரு சின்ன மல்டிமீட்டர் இருந்தால் ஊகிக்கவே வேண்டாம். வண்டி நிற்கும்போது முழு பேட்டரி 12.6 வோல்ட் சுமாருக்குக் காட்டும், 12க்குக் கீழே என்றால் காலி. இன்ஜின் ஓடும்போது, கொஞ்சம் முறுக்கிய நிலையில், பெரும்பாலான வண்டிகளில் பதின்மூன்றரையிலிருந்து பதினான்கரை வரை இருக்க வேண்டும். அதற்கு ஏறவில்லை என்றால் பேட்டரியை மாற்றியும் பிரயோஜனமில்லை, சார்ஜ் ஆகவில்லை என்று அர்த்தம்.

தள்ளி ஸ்டார்ட் செய்வதாக இருந்தால் முதல் கியர் வேண்டாம், சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும். இரண்டாவதோ மூன்றாவதோ போடுங்கள். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவி போட்டும் மீட்டரில் வெளிச்சமே வரவில்லை என்றால் தள்ளி வியர்ப்பதில் பயனில்லை. பெட்ரோலை ஏற்றுகிற பம்புக்கே கரண்ட் வேண்டும். காரின் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து எடுக்கிறீர்கள் என்றால் காரின் இன்ஜின் அணைந்தே இருக்கட்டும்.

கேள்வி: ஃபியூஸ் போனால் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டுப் போய்விடலாம் என்கிறாரே என் மாமா?

பதில்: மாமாவிடம் தாராளமாகச் சொல்லுங்கள், நான் வேண்டாம் என்றேன் என்று. ஃபியூஸ் எரிந்தது உங்கள் வயரிங் எரியாமல் இருக்க. அதே ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு மூன்று கையில் இருக்கட்டும், சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. புதிதாகப் போட்டதும் உடனே போனால் எங்கோ வயர் தோல் உரிந்து ஃபிரேமில் தொடுகிறது. ஹேண்டில்பாரைத் திருப்பும்போது வயர் மடங்குகிற கழுத்துப் பகுதியிலிருந்து தேட ஆரம்பியுங்கள், அடுத்து பின்னால் பேக் கட்டியிருக்கும் இடம்.

கேள்வி: என் வண்டி ஒரு மணி நேரம் ஓடியதும் இருமி இருமி அணைகிறது. பத்து நிமிடம் நின்றால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. மூன்று மெக்கானிக் பார்த்துவிட்டார்கள், அவர்கள் பார்க்கும்போதெல்லாம் நன்றாகவே இருக்கிறது.

பதில்: அடுத்த முறை அணைந்த உடனே, பத்து நிமிடம் காத்திருக்காமல், டேங்க் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேளுங்கள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் வந்து, உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால், மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வராமல் டேங்க் பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நிற்கும்போது காற்று மெல்லக் கசிந்து உள்ளே வந்துவிடுவதால்தான் மெக்கானிக் முன்னால் நல்ல பிள்ளை. டேங்க் மேல் பை மாட்டியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள், பையே துளையை மூடிவிடும்.

சத்தம் வரவில்லை என்றால் சூடானதும் செயலிழக்கும் இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற பாகம்) மேல்தான் என் சந்தேகம். டேங்க் மூடியை நன்றாக மூடிவிட்டு, வண்டி சூடாக இருக்கும்போதே ஸ்பேர் ஸ்பார்க் பிளக்கை பிளக் வயரின் முனையில் மாட்டி, அதன் உடல் இன்ஜின் இரும்பில் படும்படி வைத்து ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் வரத்தான் செய்யும்.

கேள்வி: செயினுக்கு ஸ்பேர் லிங்க் வாங்கினேன், பொருந்தவில்லை. எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது?

பதில்: செயினின் மேல் 428, 520 என்று எண் அடித்திருக்கும். முதல் இலக்கம், ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்பது. 428இல் நான்கு, அதாவது அரை அங்குலம். 520இல் ஐந்து பங்கு. மற்ற இரண்டு இலக்கமும் அகலத்துக்கு. எண் ஒன்றாக இருந்தாலும் செயின் கம்பெனியும் மாடலும் ஒத்துப் போவது நல்லது. கிளிப் லாக் (ஸ்பேர் லிங்க்கைப் பூட்டுகிற சின்னக் கிளிப்) மாட்டும்போது மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், வாய் பின்னால். திருப்பிப் போட்டால் ஏதாவது பட்டுக் கழன்றுவிடும். அறுந்த செயின் சும்மா கீழே விழுந்தால் அதிர்ஷ்டம், முன் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டு இன்ஜின் கேஸையே உடைத்ததும் உண்டு.

கேள்வி: இந்த வசதியெல்லாம் இல்லாத காலத்தில் எப்படித்தான் உலகம் சுற்றினார்கள்?

பதில்: எல்ஸ்பெத் பியர்ட் என்ற ஆங்கிலேயப் பெண், கட்டடக்கலை மாணவி, 1982இல் ஒரு பழைய பிஎம்டபிள்யூ ஆர்60/6இல் கிளம்பி 1984இல் உலகம் சுற்றித் திரும்பினார். வண்டி 1974ஆம் வருடத்து மாடல். செல்போன் இல்லை, ஜிபிஎஸ் இல்லை, வண்டி வேலை தெரிந்த தன் கை இருந்தது.

கேள்வி: இருட்டில் வண்டி நின்றுவிட்டால் முதலில் என்ன?

பதில்: வண்டியைப் பார்ப்பது இரண்டாவது. முதலில் அதைச் சாலையை விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள், வளைவு முடிகிற இடத்திலோ மேடு இறங்குகிற இடத்திலோ இருந்தால் கொஞ்சம் சிரமப்பட்டாவது நேரான பகுதிக்குக் கொண்டுபோங்கள். ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். இண்டிகேட்டரைப் போட்டுவிடுங்கள். குனிந்து வேலை செய்யும்போது வண்டிக்கும் போக்குவரத்துக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரக் கூடாது, மறுபக்கம் வாருங்கள். தலையில் மாட்டுகிற டார்ச் ஒன்று வேண்டும், செல்போனை வாயில் கடித்துக்கொண்டு ஸ்பேனர் பிடிக்க முடியாது.

சரிசெய்து ஓட்டக் கூடாதவையும் உண்டு. ஆயில் விளக்கு எரிந்தால் அந்த நொடியே இன்ஜினை அணையுங்கள், அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். பிரேக் ஆயில் கசிந்தாலோ, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது பேரிங் ஆடினாலோ வண்டியை ஏற்றிப் போக ஆள் கூப்பிடுவதுதான் வழி. அந்த எண்ணை போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளில் எழுதியும் வையுங்கள்.

கேள்வி: விழுந்தால் லிவர் உடைகிறது. ஸ்பேர் லிவர் வைத்துக்கொள்ளவா?

பதில்: வையுங்கள், கூடவே லிவரின் கிளாம்ப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்வாக வையுங்கள். ஓட்டும்போது அசையாமல், அடி பட்டால் மட்டும் ஹேண்டில்பாரில் சுழலுகிற அளவுக்கு. பாதி விழுதல்களில் லிவர் உடையாமல் தப்பிவிடும்.

கேள்வி: எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். ஆனாலும் எதையோ மறந்த மாதிரியே இருக்கிறது.

பதில்: மாற்றுச் சாவி. போன வருடம் நான் அதை மறக்கவில்லை, பத்திரமாக டூல்ஸ் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். அந்தப் பெட்டியின் பூட்டும் வண்டிச் சாவியிலேயே திறக்கிற பூட்டு.